ஓட்டு இல்லாத பெண்கள் அமெரிக்க அரசியலை எப்படி அசைத்தார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்கா தனி நாடாக உருவான காலத்தில், அதாவது ஏறத்தாழ 1770 முதல் 1840 வரை, படித்த பெண்களுக்கு அரசியலில் உண்மையிலேயே செல்வாக்கு இருந்ததா? அவர்களால் பதவிக்கு வர முடியாது, ஏறக்குறைய எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது, ஏறக்குறைய எங்கேயும் ஓட்டுப் போட முடியாது. அப்படியிருக்க, தலைவர்களின் மனைவிமார் இரண்டு மூன்று பேரைப் பிற்காலத்தவர்கள் தேவைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்களா?

செல்வாக்கு இருந்தது என்பதுதான் என் பதில். ஆனால் அது எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். மனைவி காதில் ஓதினாள், கணவர் போய்ச் சட்டம் போட்டார் என்ற மாதிரிச் செல்வாக்கைத் தேடினால் பாதிக் கதை கைநழுவிப் போய்விடும். அந்தப் பெண்களிடம் இருந்த ஒரே கருவி எழுத்து. தமிழில் கையெழுத்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையால் எழுதும் எழுத்தும் கையெழுத்துதான், பெயரைப் போட்டு ஒப்புக்கொள்வதும் கையெழுத்துதான். இந்தப் பெண்களின் அரசியல் வரலாறு முதல் பொருளிலிருந்து இரண்டாவது பொருளுக்கு நகர்ந்த வரலாறு என்றே நான் பார்க்கிறேன். ஒரு தலைமுறை எழுதக் கற்றுக்கொண்டது. எழுதியதற்குக் கீழே தன் பெயரைப் போட்டு, அதை ஓர் அரசாங்கத்தின் முன்னால் வைப்பதற்கு இன்னும் இரண்டு தலைமுறை ஆயிற்று.

முதலில், அந்தக் காலத்தில் படிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். நியூ இங்கிலாந்து என்ற அமெரிக்க வடகிழக்குப் பகுதியில் ஒவ்வொருவரும் பைபிளைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது மத நம்பிக்கை. அதனால் பெண் குழந்தைகளுக்கும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவர் தன் வீட்டிலேயே பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துகளைச் சொல்லித்தருவார். ஆனால் எழுதுவது தனிப் பாடம். வியாபாரம் செய்யவும் கணக்கு வைக்கவும் போகிற பையன்களுக்கே அது தேவை என்று நினைத்தார்கள். பெண் கையில் பேனாவுக்குப் பதில் ஊசியைக் கொடுத்தார்கள். இதனால் அச்சிட்ட பக்கத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தும், பத்திரத்தில் தன் பெயரை எழுதத் தெரியாமல் ஒரு கோடோ குறியோ போட்டுவிட்டுப் போன பெண்கள் ஏராளம். அவர்களால் அரசியல் செய்தியைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். பதில் எழுத முடியாது.

எழுதத் தெரிந்த சிலருடைய கதைகள் ஒரே அச்சில் இருக்கின்றன. மெர்சி ஓட்டிஸ் வாரன் 1728-ல் மாசசூசெட்ஸில் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியாரான அவருடைய உறவினர் ஜோனதன் ரஸ்ஸல், மெர்சியின் அண்ணன் தம்பிகளைக் கல்லூரிக்குத் தயார்செய்தபோது, அவரும் கூட உட்கார்ந்து படித்தார். அண்ணன் ஜேம்ஸ் ஹார்வர்டுக்குப் போனார். மெர்சி வீட்டில் இருந்தார். 1751-ல் குளோஸ்டரில் பிறந்த ஜூடித் சார்ஜென்ட் முர்ரேவின் தம்பி வின்த்ரப்பும் ஹார்வர்டுக்குப் போனார், ஜூடித் வீட்டில்தான். அபிகெயில் ஆடம்ஸ் 1744-ல் வேமத் ஊரின் பாதிரியார் மகளாகப் பிறந்து, அப்பாவின் புத்தக அலமாரியிலேயே படித்து வளர்ந்தவர். தன்னை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை, எப்போதும் உடம்பு சரியில்லாமல் இருந்தேன் என்று வயதான காலத்தில் எழுதினார். ஆக, அண்ணன் தம்பியின் பாடத்திலும் அப்பாவின் அலமாரியிலும் இவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்ததுதான் இவர்களுடைய கல்வி. அது கிடைக்காத பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கும்.

அபிகெயிலின் புகழ்பெற்ற கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைத் தொடர்ந்து என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்தத் தொடர்ச்சியில்தான் நம் கேள்விக்கான விடையே இருக்கிறது.

1776 மார்ச் 31. கணவர் ஜான் ஆடம்ஸ் ஃபிலடெல்ஃபியாவில், பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவிப்பதா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்த காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். அபிகெயில் மாசசூசெட்ஸ் வீட்டில் பண்ணையையும் நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அவருக்கு எழுதுகிறார். புதிதாகச் சட்டம் எழுதப் போகிறீர்கள், அதில் பெண்களை நினைத்துப் பாருங்கள், கணவன்மார் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், முடிந்தால் ஆண்கள் எல்லோருமே கொடுங்கோலர் ஆகிவிடுவார்கள், எங்களுக்குக் குரலோ பிரதிநிதித்துவமோ இல்லாத சட்டத்துக்கு நாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்கிறார். கவனியுங்கள், அவர் ஓட்டுக் கேட்கவில்லை. திருமணமானதும் பெண் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாகவே இல்லாமல் போய்விடுகிற நிலைமையைப் பற்றிப் பேசுகிறார். சொத்து, சம்பாத்தியம், ஒப்பந்தம் எல்லாம் கணவன் பெயரில்தான். அதே கடிதத்தில், பிறருடைய சுதந்திரத்தைப் பறித்துப் பழகியவர்களுக்குச் சுதந்திர வேட்கை அதே அளவு இருக்குமா என்று வர்ஜீனியாவின் அடிமை முதலாளிகளைப் பற்றியும் சந்தேகப்படுகிறார்.

ஏப்ரல் 14-ல் ஜான் பதில் எழுதினார். உன்னுடைய விசேஷமான சட்டத் தொகுப்பைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். எங்கள் ஆண் ஆட்சி முறையை நாங்கள் கைவிட்டுவிட மாட்டோம் என்றும் எழுதினார். ஏப்ரல் 27-ல் அபிகெயில் தன் தோழி மெர்சி ஓட்டிஸ் வாரனுக்கு நடந்ததையெல்லாம் சொல்லி, நாம் இருவரும் சேர்ந்து காங்கிரஸுக்கு ஒரு மனுப் போடலாம் என்று நினைக்கிறேன் என்றார். அப்படி ஒரு மனு போகவே இல்லை. இந்தப் போகாத மனுவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

அப்புறம் மே 26. மாசசூசெட்ஸில் யாருக்கு ஓட்டுரிமை என்ற விவாதம் எழுந்தபோது, ஜேம்ஸ் சல்லிவன் என்ற சக அரசியல்வாதிக்கு ஜான் ஆடம்ஸ் எழுதுகிறார். ஓட்டுத் தகுதியில் கை வைக்காதீர்கள், அது ஆபத்து. புதிய புதிய கோரிக்கைகள் கிளம்பும், பெண்கள் ஓட்டுக் கேட்பார்கள், சிறுவர்கள் கேட்பார்கள், கையில் காசில்லாதவன் ஒவ்வொருவனும் கேட்பான் என்கிறார். ஆறு வாரத்துக்கு முன்னால் மனைவியிடம் சிரித்தவர் இவர்தான். சக அரசியல்வாதிக்கு எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி கேட்டதற்கும் ஒரு படி மேலே போய், இந்த வாதத்தை அதன் முடிவு வரை நடத்தினால் பெண்கள் ஓட்டுக் கேட்பதில்தான் வந்து நிற்கும் என்று கண்டுகொள்கிறார். கடிதம் சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவருடைய மனதில் அந்தக் கேள்வியை வைத்துவிட்டது. செல்வாக்கு என்று நான் சொல்வது இப்படிப்பட்டதையும் சேர்த்துத்தான்.

அபிகெயிலைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1797-ல் கணவர் ஜனாதிபதியானபின் அவருக்கு நேரடி அரசியல் செல்வாக்கு இருந்தது, எதிர்க்கட்சிக்காரர்கள் அதை உணர்ந்தார்கள். அவர் நாட்டுக்கு அல்ல, ஒரு கோஷ்டிக்கு ஜனாதிபதி அம்மாள் என்ற பொருளில் ஆல்பர்ட் காலட்டின் தன் மனைவிக்கு எழுதினார். கணவரைத் தாக்கிய பத்திரிகைக்காரர்கள்மீது அபிகெயிலுக்குக் கடும் கோபம். அரசை விமர்சித்தால் சிறை என்ற 1798-ம் ஆண்டின் ராஜதுரோகச் சட்டத்தை அவர் முழு மனதோடு ஆதரித்தார். குரல் இல்லாத சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எழுதிய அதே கை அடுத்தவர் குரலை அடக்கும் சட்டத்தை வரவேற்றது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, தன் வீட்டில் வேலை பார்த்த கறுப்பினச் சிறுவன் ஜேம்ஸ் இரவுப் பள்ளிக்குப் போவதை ஊர்க்காரர் ஒருவர் தடுக்க வந்தபோது, முகம் கறுப்பாக இருப்பதற்காக அவனுக்குப் படிப்பை மறுப்பதா என்று நேருக்கு நேர் கேட்டு, அவனைப் பள்ளியில் நிலைக்க வைத்தவரும் அவர்தான்.

பணவிஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜான் நிலம் வாங்குவதில் ஆசைப்பட்டார். அபிகெயில் கணக்குப் போட்டு அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கினார், அதில் நல்ல லாபம் பார்த்தார். அதில் ஒரு பகுதியைத் தன் பணமாகவே பாவித்தார். சட்டப்படி அவர் பெயரில் எதுவும் இருக்க முடியாது. ஆனாலும் 1816-ல் தன் கைப்பட ஓர் உயில் எழுதினார். பணத்தையும் பொருள்களையும் பேத்திகள், உறவுக்காரப் பெண்கள், வீட்டில் வேலை செய்த பெண்கள் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் பெண்களுக்கே பிரித்துக் கொடுத்தார். கணவர் உயிரோடு இருக்கும்போது மனைவி எழுதிய உயில் செல்லவே செல்லாது. 1818-ல் அவர் இறந்தபின் ஜான் அந்த உயிலை அப்படியே மதித்து நிறைவேற்றினார்.

இப்போது மெர்சி ஓட்டிஸ் வாரன். இவர் அபிகெயிலைவிட ஒரு படி முன்னே போனவர், ஏனென்றால் இவர் எழுதியது அச்சேறியது. மாசசூசெட்ஸின் பிரிட்டிஷ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனை 'ரபேஷியோ' என்ற பாத்திரமாக்கி, 1772 முதல் 1775 வரை நாடகங்கள் எழுதினார். பாஸ்டனில் அப்போது நாடகம் நடத்தத் தடை இருந்தது, அதனால் இவை மேடைக்காக எழுதியவை அல்ல. பத்திரிகைகளில் வந்தன, மக்கள் வாசித்தார்கள், ரபேஷியோ யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியபின், அதைப் பற்றி ஒரு கவிதை எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர் ஜான் ஆடம்ஸ்! அதாவது, புரட்சிக்காரர்கள் மெர்சியின் எழுத்தை ஆயுதமாகத் தெரிந்தே பயன்படுத்தினார்கள்.

1787-ல் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டு மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்தபோது, மெர்சி அதை எதிர்த்தார். 1788-ல் 'ஒரு கொலம்பிய தேசபக்தர்' என்ற புனைபெயரில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. இதில் மக்களின் உரிமைகளைப் பட்டியலிட்டுக் காப்பாற்றும் பகுதியே இல்லை, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை, சிவில் வழக்குகளில் ஜூரி விசாரணைக்கு உத்தரவாதம் இல்லை, பதவியில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்க வழி இல்லை, நிரந்தரப் படை சுதந்திரத்துக்கு ஆபத்து என்று அடுக்கியது. இந்த வாதங்களை வைத்தவர் மெர்சி ஒருவர் மட்டும் அல்ல. ஆனால் 1791-ல் அமலுக்கு வந்த உரிமைச் சட்டத் திருத்தங்களுக்கு நெருக்கடி கொடுத்த எழுத்துகளில் இதுவும் ஒன்று. இதை எழுதியவர் எல்பிரிட்ஜ் கெர்ரி என்ற அரசியல்வாதி என்றுதான் நூறாண்டுக்கு மேல் நம்பினார்கள். மெர்சியின் வழித்தோன்றலான சார்ல்ஸ் வாரன், அவருடைய கடிதங்களைப் புரட்டியபோது உண்மையைக் கண்டுபிடித்து 1930-களில் வெளியிட்டார்.

அரசியல் சட்ட விவாதத்தில் ஒரு பெண் எழுதியது நல்ல அரசியல் வாதமாக இருந்ததால், அது ஓர் ஆணுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு அரசியலில் செல்வாக்கே இல்லை என்று சொல்லும் பழைய புத்தகங்களை வாசிக்கும்போது எனக்கு இந்தப் பிரசுரம்தான் ஞாபகம் வரும்.

1790-ல் மெர்சி தன் சொந்தப் பெயரில் கவிதை, நாடகத் தொகுப்பை வெளியிட்டார், 1805-ல் அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஜனாதிபதி ஜெஃபர்சன் தனக்கும் தன் அமைச்சர்களுக்கும் சேர்த்துச் சந்தா கட்டினார். ஜான் ஆடம்ஸுக்குத்தான் தாங்கவில்லை. புத்தகத்தில் தன்னை அகந்தை பிடித்தவர் என்றும் முடியாட்சிப் பக்கம் சாய்ந்தவர் என்றும் எழுதியிருந்ததைப் பார்த்து, 1807-ல் கடிதத்துக்கு மேல் கடிதமாகக் கொட்டித் தீர்த்தார். மெர்சிக்கு அப்போது வயது 78. அவர் பணியவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினார். வரலாறு பெண்களுக்கு உரிய துறை அல்ல என்று 1813-ல் கெர்ரிக்கு எழுதினார் ஆடம்ஸ். ஆனால் அதே ஆடம்ஸ்தான் 1814-ல், மெர்சியின் ஒரு நாடகத்தை வேறு யாரோ எழுதியதாகச் சிலர் சொன்னபோது, பாஸ்டன் அத்தனேயம் நூலகத்துக்குப் போய், இதை எழுதியவர் வாரன் அம்மையார்தான் என்று அங்கிருந்த பிரதியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் மெர்சி இறந்தார்.

சரி, தலைவர்களின் குடும்பங்களைத் தாண்டியும் பெண்கள் இறங்கினார்களா? அங்கேதான் போரும் நியூ ஜெர்சியும் வருகின்றன.

1780 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் எஸ்தர் ரீட் ஓர் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார். படைவீரர்கள் கந்தலோடு நிற்கிறார்கள், பெண்கள் பணம் திரட்ட வேண்டும் என்றது அது. அதன்பின் நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். நல்ல குடும்பத்துப் பெண் தெருவில் இறங்கி முன்பின் தெரியாதவர்களிடம் பணம் கேட்பது அதுவரை நினைத்தும் பார்க்காத காரியம். 1,600-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். 3,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அது விலைமதிப்பு சரிந்த காகிதப் பணம் என்றாலும் பெரிய தொகை. எஸ்தர் அதை வெள்ளி நாணயமாக மாற்றி ஒவ்வொரு வீரன் கையிலும் இரண்டு டாலர் கொடுக்க விரும்பினார். வாஷிங்டன் மறுத்தார், கையில் காசு வந்தால் குடிப்பார்கள் என்று பயந்தார், சட்டை தைத்துக் கொடுங்கள் என்றார். செப்டம்பரில் எஸ்தர் நோயில் இறந்துபோக, பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகள் சாரா பேச் பொறுப்பெடுத்து 2,000-க்கும் மேற்பட்ட சட்டைகளைத் தைத்து முடித்தார். ஒவ்வொரு சட்டையிலும் அதைத் தைத்த பெண்ணின் பெயர் இருந்தது. பேனாவுக்குப் பதில் கையில் கொடுக்கப்பட்ட ஊசியாலேயே போட்ட கையெழுத்து அது.

நியூ ஜெர்சியில் 1776-ம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம், 50 பவுண்டு சொத்துள்ள, வயதுவந்த 'எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும்' ஓட்டு என்று சொன்னது. ஆண் என்று சொல்லவில்லை. 1790-ல் ஏழு மாவட்டங்களுக்கான தேர்தல் சட்டம் வாக்காளரைக் குறிக்க 'அவன் அல்லது அவள்' என்றே எழுதியது. 1797-ல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. திருமணமானவளுக்குச் சொத்து இல்லை என்பதால், ஓட்டுப் போட்டவர்கள் மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்தான். சமீப ஆண்டுகளில் அக்காலத்து வாக்குப்பதிவுப் பட்டியல்கள் சில கிடைத்திருக்கின்றன, அவற்றில் பெண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. 1797-ல் ஜான் காண்டிக்ட் என்ற வேட்பாளரைத் தோற்கடிக்க எலிசபெத்டவுனில் பெண்கள் திரண்டுவந்து ஓட்டுப் போட்டார்கள், அவர் மயிரிழையில் தப்பினார். பத்தாண்டு கழித்து, 1807-ல், வரி கட்டும் வெள்ளை ஆண் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்ற மசோதாவை முன்னின்று கொண்டுவந்தவர் அதே காண்டிக்ட். பெண்களின் ஓட்டுக்கு விளைவே இல்லையென்றால் அதைப் பறிக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

விருந்துக்கூட அரசியலைப் பற்றி நிறையப் பேர் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜனாதிபதியின் மனைவி டாலி மாடிசன் புதன்கிழமைதோறும் ஜனாதிபதி மாளிகையில் எதிரெதிர்க் கட்சிக்காரர்களை ஒரே கூடத்தில் நிற்கவைத்ததும், 1824 ஜனவரியில் அபிகெயிலின் மருமகள் லூயிசா ஆடம்ஸ் தன் கணவரின் ஜனாதிபதிக் கனவுக்காக ஆண்ட்ரூ ஜாக்சனுக்குப் பெரிய நடனவிருந்து கொடுத்ததும் உண்மையான அரசியல் வேலைகள்தான். நான் அதில் அதிகம் நிற்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் எலிசபெத் பவலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1787-ல் அரசியல் சட்ட மாநாடு முடிந்ததும் ஃபிராங்க்ளினிடம், நமக்குக் கிடைத்திருப்பது குடியரசா முடியாட்சியா என்று ஒரு பெண்மணி கேட்டார். குடியரசு, உங்களால் அதைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தால் என்றார் ஃபிராங்க்ளின். அந்தப் பதிலை இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டவர் பவல் அம்மையார் என்று மாநாட்டு உறுப்பினர் ஜேம்ஸ் மக்ஹென்றி தன் நாட்குறிப்பில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தைச் சொன்ன பலர் அவர் பெயரை விட்டுவிட்டார்கள். 1792 நவம்பரில், ஓய்வுபெற நினைத்திருந்த வாஷிங்டனுக்கு, நீங்கள் இப்போது விலகினால் உங்கள் எதிரிகள் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள், மாநிலங்களின் யூனியன் ஆட்டம் காணும் என்று நீண்ட கடிதம் எழுதியவரும் இவர்தான். வாஷிங்டன் இரண்டாம் முறையும் பதவியேற்றார். இந்த ஒரு கடிதத்தால் என்று சொல்ல மாட்டேன், மற்றவர்களும் வற்புறுத்தினார்கள். ஆனால் அந்த வாதம் அரசியல் தெரிந்தவருடைய வாதம்.

தற்செயலாகக் கிடைத்த படிப்பு 1780-களில் முறையான படிப்பாகத் தொடங்கியது. 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் இளம்பெண்களுக்கான அகாடமி திறந்தது. விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்ட டாக்டர் பெஞ்சமின் ரஷ் அங்கே பேசியபோது, குடியரசுக்கு நல்ல குடிமக்கள் வேண்டுமென்றால் அவர்களை வளர்க்கும் தாய்மார் படித்திருக்க வேண்டும் என்றார். பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் இந்தக் கருத்துக்குக் 'குடியரசுத் தாய்மை' என்று பெயர் வைத்தார்கள். மகனுக்காகப் படி, உனக்காக அல்ல என்பது இதன் உள்ளர்த்தம். ஆனால் ஒரு பெண்ணுக்கு இலக்கணமும் வரலாறும் மேடைப் பேச்சும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதை மகனுக்கு மட்டும் வைத்துக்கொள் என்றால் நடக்குமா? 1793-ல் அதே அகாடமியின் மாணவி பிரிசில்லா மேசன் பட்டமளிப்பு மேடையில் எழுந்து, நம் மாண்புமிகு எஜமானர்கள் அறிவு பெறும் வழியை நமக்கு அடைத்துவிட்டு, அறிவில்லை என்று நம்மையே குறைசொல்கிறார்கள் என்றார். தேவாலயம், நீதிமன்றம், சட்டசபை மூன்றும் நமக்கு ஏன் மூடியிருக்கின்றன, மூடியது யார், ஆண்தான் என்றார். ரஷ் பேசி ஆறே வருடம்.

கனெக்டிகட்டில் லிச்ஃபீல்ட் நகரில் 1792-ல் சாரா பியர்ஸ் தொடங்கிய பள்ளி, நியூயார்க் சட்டசபையிடம் பெண்கல்விக்கு அரசுப் பணம் கேட்டு 1819-ல் திட்டம் கொடுத்து, பணம் கிடைக்காமல், ட்ராய் நகரத்தார் தந்த 4,000 டாலரைக் கொண்டு 1821-ல் பள்ளி திறந்த எம்மா வில்லர்ட் என்று இந்த வரிசை நீள்கிறது. லிச்ஃபீல்டில் படித்தவர் கேத்தரின் பீச்சர். ட்ராயில் படித்தவர் எலிசபெத் கேடி ஸ்டான்டன், 1848-ல் செனெகா ஃபால்ஸ் மாநாட்டில் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். இந்தக் கல்வி அலை கடல் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது. 1824-ல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கிய ஹேரியட் வின்ஸ்லோ, அதே கனெக்டிகட்டின் நார்விச் ஊர்க்காரர்.

இதுவரை சொன்ன பெண்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பத்தினர். படிப்பு எவ்வளவு பெரிய அரசியல் என்பது கறுப்பினப் பெண்களின் கதையில்தான் முழுதாகத் தெரியும். 1761-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கப்பலேற்றி பாஸ்டனில் விற்கப்பட்ட பிலிஸ் வீட்லி, 1773-ல் கவிதை நூல் வெளியிட்டார். அதை ஓர் அடிமைப் பெண் எழுதியிருக்க முடியாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, ஆளுநர் ஹட்சின்சனும் ஜான் ஹான்காக்கும் உட்பட 18 பாஸ்டன் பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டுச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பத்திரிகைகளில் வெளியான அவருடைய கடிதம் ஒன்று, ஒவ்வொரு மனித நெஞ்சிலும் விடுதலை வேட்கையைக் கடவுள் வைத்திருக்கிறார் என்றது. சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருப்பவர்களின் முரண்பாட்டையும் சுட்டியது. இன்னொரு பக்கம், தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று 1740-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்த மாநிலத்தின் சார்ல்ஸ்டனில், நீதிபதி ஒருவரின் மகள் சாரா கிரிம்கே, இரவில் கதவைப் பூட்டி, சாவித் துவாரத்தையும் மறைத்துவிட்டு, தன் தலைவார வந்த அடிமைச் சிறுமிக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். மாட்டிக்கொண்டு திட்டும் வாங்கினார். சட்டம் படிக்க விரும்பிய சாராவுக்கு லத்தீன் படிக்கக்கூட அனுமதி கிடைக்கவில்லை.

கடைசியாக மனு. ஓட்டில்லாதவர்களும் அரசுக்கு மனுப் போடலாம். 1829 டிசம்பரில் கேத்தரின் பீச்சர், செரோக்கி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து துரத்தும் ஜாக்சன் அரசின் திட்டத்தை எதிர்த்துக் காங்கிரஸுக்கு மனு அனுப்பச் சொல்லி நாடெங்கும் பெண்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பெயர் போடாமல்தான். (செரோக்கிப் பெண்கள் 1817-லேயே, நிலத்தை விற்காதீர்கள் என்று தங்கள் சபைக்கு மனுக் கொடுத்திருந்தார்கள்.) சுற்றறிக்கைக்குப் பெயர் இல்லை, ஆனால் மனுக்களில் பெண்கள் தங்கள் பெயரைப் போட்டார்கள். தேசியப் பிரச்சினை ஒன்றில் அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து காங்கிரஸுக்குப் போட்ட முதல் மனு இயக்கம் இது. 1830-ல் அந்தச் சட்டம் கீழ்ச்சபையில் 102-க்கு 97 என்று நிறைவேறிவிட்டது.

பெண்கள் நிறுத்தவில்லை. அடிமை முறைக்கு எதிரான மனுக்கள் வெள்ளமாக வந்தன, பெரும் பகுதி பெண்களுடையவை. 1836-ல் கீழ்ச்சபை, அப்படிப்பட்ட மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கிவைக்க விதி கொண்டுவந்தது. முன்பு மனு இயக்கம் நடத்திய கேத்தரின் பீச்சரே, இது பெண்களுக்கு ஏற்றதல்ல என்று 1837-ல் எழுதினார். சாராவின் தங்கை ஆஞ்சலினா கிரிம்கே அவருக்குப் பதில் சொன்னார்: மனுப் போடும் உரிமை ஒன்றுதான் பெண்களுக்கு இருக்கும் அரசியல் உரிமை, அதையும் விடச் சொல்கிறீர்களா என்று. 1838 பிப்ரவரி 21-ல் ஆஞ்சலினா, 20,000 பெண்கள் கையெழுத்திட்ட மனுக்களோடு மாசசூசெட்ஸ் சட்டசபையின் குழு முன்னால் பேசினார். அமெரிக்காவில் ஒரு சட்டசபைக் குழு முன்னால் பேசிய முதல் பெண் அவர்.

அதே ஆண்டு ஜூனில், மேரிலாந்து உறுப்பினர் பெஞ்சமின் ஹோவர்ட், டெக்ஸாஸை அமெரிக்காவோடு சேர்க்கக் கூடாது என்று மனுப் போட்ட பெண்களைக் குறைசொல்லி, அவர்கள் வேலை வீட்டோடுதான் என்றார். எழுந்து பதில் சொன்னவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், ஜனாதிபதியாக இருந்துவிட்டுக் கீழ்ச்சபைக்கு வந்த முதியவர். 1775-ல் ஏழு வயதில் அம்மா அபிகெயிலோடு குன்றின்மேல் நின்று பங்கர் ஹில் போரைப் பார்த்தவர். ஜூன் 16-ல் தொடங்கி, காலை நேரத்தில் கிடைத்த அவகாசத்தில் எல்லாம் தினம் தினமாகப் பேசினார். பெண்களுக்கு வீட்டு வேலை தவிர வேறெதற்கும் தகுதியில்லை என்று எப்படி முடிவுசெய்தீர்கள் என்று கேட்டார். எஸ்தர், தெபோராள் என்று பைபிளிலிருந்தும், அமெரிக்கப் புரட்சியிலிருந்தும் பெண்களின் பெயர்களை எடுத்து வைத்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லை என்பது அவ்வளவு உறுதியா என்றும் கேட்டார். ஜூலை 7 வரை பேசினார். காங்கிரஸுக்கு நாம் ஒரு மனுப் போடலாமா என்று அவருடைய அம்மா மெர்சிக்கு எழுதி அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.